வாத்தியார் பக்கம்: வீடு நிற்கிறது, வீட்டார் எங்கே?



ஜொகூர் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். தேக்காவில் இறங்கிச் சேலை பார்ப்போம், நகைக்கடை ஏறி இறங்குவோம், வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வாத்தியாரே, பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க அங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

நிறைய இருக்கிறது, அம்மா. காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தெரு முனையில் நின்று பெயர்ப் பலகையைப் படித்தாலே போதும், பாடம் தொடங்கிவிடும்.

எருமை இல்லாத எருமைச் சாலை

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பஃபலோ சாலை என்று ஒரு தெரு. அதற்கு அடுத்து கெர்பாவ் சாலை. மலாய் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கெர்பாவ் என்றால் எருமை என்று நன்றாகத் தெரியும். ஒரே மிருகத்துக்கு இரண்டு தெரு! அருகிலுள்ள மகப்பேற்று மருத்துவமனையின் பெயரோ கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்ற மருத்துவமனை அது.

எருமை எங்கிருந்து வந்தது? ரோச்சோர் ஆற்றை ஒட்டி அன்று சதுப்பு நிலம். தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. ஆகவே மாட்டு வியாபாரிகள் அங்கே தொழுவம் அமைத்தார்கள். வண்டி இழுக்க, செக்குச் சுற்ற, பால் கறக்க, இறைச்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் மாடு வேண்டியிருந்த காலம். மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் நம்மவர்கள் வந்தார்கள். பெலிலியோஸ் என்ற பெயர் கொண்ட தெருவும் கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த ஒரு யூதரின் பெயரைத் தாங்கியதுதான். பிறகு சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாட்டுத் தொழில் மறைந்தது. மாடு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

ரேஸ் கோர்ஸ் சாலையும் அப்படித்தான். 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் குதிரைப் பந்தயம் நடத்திய திடல் அங்கே இருந்தது. 1911-இல் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்து காட்டப்பட்டதும் அந்தத் திடலில்தான். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. அந்த ஃபேரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரியில், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் கூட்டப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் தோட்டங்களிலிருந்து பால்வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கப் போன தாத்தாக்களும் பாட்டிகளும் உண்டல்லவா? அவர்களுடைய கதைக்கும் முதல் அத்தியாயம் இந்தத் திடலில் எழுதப்பட்டது.

தேக்கா என்ற பெயரே தமிழ் அல்ல. மூங்கில் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல் அது. நம் முன்னோர் அந்த வட்டாரத்துக்கு வைத்த பெயர் வேறு: சுண்ணாம்புக் கம்பம். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தலைமுறையினர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே சொல்லி வந்தார்கள்.

சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்தவர்கள்

1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை. அந்தத் தீவில் முதல் செங்கல் சூளை போட்டவர் அவர். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் அவருடைய முயற்சியால் எழுந்தது. அந்தக் கோயில் இன்று இருப்பது சைனா டவுன் என்று சொல்லப்படும் பகுதியில். அதே சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் இருக்கின்றன. நம்மவர் முதலில் குடியேறியது சிராங்கூன் சாலையில் அல்ல, ஆற்றங்கரையை ஒட்டிய அந்தப் பகுதியில்தான் என்பதற்கு இவையே சாட்சி.

1825 முதல் இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சாலை போட்டதும், சதுப்பை நிரப்பியதும், செங்கல் அறுத்ததும் அந்தக் கைதிகள்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரைப் பாருங்கள். பளிங்குபோல வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியது. சென்னைப் பட்டணத்துக் கொத்தர்களின் கைமுறை அது. இன்று தேவாலயம் தேசிய நினைவுச் சின்னம். பூசிய கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நம் தோட்டத்துச் சாலைகளையும் பாலங்களையும் போட்டவர்களின் பெயர் மட்டும் எங்கே இருக்கிறது?

அஞ்சடியும் முற்றமும்

இனி வீடுகளைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையின் இரண்டு பக்கமும் நிற்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். வாசல் பக்கம் குறுகல். உள்ளே போகப் போக நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்த முற்றம் இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீட்டுக்குள் வெளிச்சமும் வராது, காற்றும் வராது. நம் ஊரில் பழைய வீடுகளுக்கு முற்றம் வைத்த காரணமும் அதுவேதான்.

வீட்டுக்கு முன்னால் தொடர்ச்சியாக ஓடும் கூரை போட்ட நடைபாதைதான் அஞ்சடி. நாம் அஞ்சடிக் கடை என்று சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த இடம் இது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் இப்படி நடைபாதை விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822-லேயே நகரத் திட்டத்தில் விதித்துவிட்டார். வெயிலும் மழையும் படாமல் ஜனங்கள் நடக்க வேண்டும் என்பது நோக்கம். நம்மவர்கள் அதில் நடந்ததோடு நிற்கவில்லை. பூ கட்டினார்கள், கிளி சோதிடம் பார்த்தார்கள், வெற்றிலை விற்றார்கள், படுத்துத் தூங்கவும் செய்தார்கள்.

இந்த வட்டாரம் தமிழருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. கெர்பாவ் சாலையில் பல வண்ணம் பூசிய ஒரு பெரிய வீடு நிற்கிறது. 1900-இல் கட்டப்பட்டது. மிட்டாய் வியாபாரம் செய்த டான் டெங் நியா என்ற சீனருடையது. அந்த வட்டாரத்தில் எஞ்சியுள்ள ஒரே சீன மாளிகை அதுதான். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், ரேஸ் கோர்ஸ் சாலையில் புத்தர் கோயில், கம்போங் காப்போரில் மெதடிஸ்ட் தேவாலயம். எல்லாம் ஒரு நடை தூரத்தில். லிட்டில் இந்தியா என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. பழைய ஆட்கள் இன்றும் தேக்கா என்றுதான் சொல்வார்கள்.

இடித்ததும் காத்ததும்

பழைய வீடு என்றதும் எல்லாரும் உச்சுக் கொட்டுகிறோம். அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒரு மாடியைப் பலகையால் தடுத்து, ஜன்னல்கூட இல்லாத அறைகளாக்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். எல்லாருக்கும் ஒரே சமையல் கட்டு, ஒரே கழிவறை. லயத்து வீட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்ற அத்தாப்புக் கம்பத்தில் தீப்பிடித்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன்பிறகு அடுக்குமாடி வீடுகள் வேகமாக எழுந்தன. 1966-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பெரிய கைவாளாக அமைந்தது. இன்று அங்கே குடியிருப்போரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்குக் கழகத்தின் வீடுகளில்தான் இருக்கிறார்கள். சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை, சொந்தச் சாவி. இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் அந்த வேகத்தில் போனவையும் உண்டு. மார்க்கெட் தெருவிலே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. தரையில் பெட்டகத்தைப் போட்டு, அதன்முன் சம்மணமிட்டு வட்டிக் கணக்கு எழுதிய இடம். 1970-80களில் அவை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வங்கிக் கோபுரங்களும் கார் நிறுத்தும் மாடியும் வந்தன. தேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் மட்டும் செட்டியார்களின் நினைவாக நிற்கிறது. டோபி காட் என்ற பெயரும் அப்படித்தான். அங்கே துணி வெளுத்தவர்களும் இல்லை, துறையும் இல்லை. ரயில் நிலையத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1986-இல் அரசு பழைய வட்டாரங்களைக் காக்கும் திட்டத்தை அறிவித்தது. 1989-இல் லிட்டில் இந்தியா, சைனா டவுன், கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாப்பு வட்டாரங்களாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. இன்று தீவு முழுவதும் 7,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் இப்படிக் காக்கப்படுகின்றன. முகப்பை மாற்றக்கூடாது, முற்றத்தை அடைக்கக்கூடாது, ஓட்டுக் கூரையை எடுக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு.

நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் சுவரைக் காத்தது. சுவருக்குள் இருந்தவரைக் காக்கவில்லை. 1947 முதல் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2001-இல் ரத்தானது. பழுது பார்த்துப் புது வண்ணம் பூசிய வீட்டுக்கு வாடகை ஏறாமல் இருக்குமா? மேல்மாடிக் குடித்தனங்கள் போய்த் தங்கும் விடுதிகளும் அலுவலகங்களும் வந்தன. மாவு மில், பொற்கொல்லர் பட்டறை போன்ற சிறு தொழில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கம்போங் கிளாமில் சுல்தான் பரம்பரையினர் தங்கியிருந்த இஸ்தானாவும் இன்று காட்சியகம்தான்.

அதே 1989-இல் வேறொரு விதியும் வந்தது. அடுக்குமாடி வீடுகளில் ஒரு கட்டடத்துக்கும் ஒரு வட்டாரத்துக்கும் ஓர் இனத்தார் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டினார்கள். எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்பது காரணம். ஆக, இந்தியர் வட்டாரம் என்று கட்டடத்தைக் காத்த ஆண்டிலேயே, இந்தியர் ஒரே இடத்தில் கூடிக் குடியிருக்க முடியாத நிலையும் வந்தது.

பாலைவனத்தில் ஒரு பாடம்

இது சிங்கப்பூரின் கதை மட்டுமல்ல. நம்மவர் பலர் இன்று பிழைக்கப் போகும் துபாயைப் பாருங்கள். அந்தப் பாலைவன நகரத்தில், ஓடைக்கரையிலே பஸ்தகியா என்று ஒரு பழைய குடியிருப்பு. பாரசீகத்தின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் கட்டியது. பவளக் கல்லும் சாந்தும் கொண்ட தடித்த சுவர், நடுவில் முற்றம், கூரைமேல் காற்றுக் கோபுரம். மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழறைக்கு இறக்கும் கோபுரம் அது. மின்விசிறி இல்லாத காலத்துக் குளிர்சாதனம்! நிழல் விழுவதற்காகவே தெருக்களைக் குறுகலாக அமைத்தார்கள்.

எண்ணெய்ப் பணம் வந்ததும் அந்தக் குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போனார்கள். 1980-களில் ஏறக்குறையப் பாதிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கே குடியிருந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஒருவர் குரல் எழுப்பினார். 1989-இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் அங்கு வந்து பார்த்தார். மிச்சப் பாதி பிழைத்தது. இன்று அங்கே சித்திரக் கூடங்களும் சிற்றுண்டிக் கடைகளும் இருக்கின்றன. அழகாக இருக்கிறது, ஆனால் அடுப்புப் புகை இல்லை, குழந்தை அழும் சத்தம் இல்லை.

ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர் கோட்டையிலோ இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். 1156-இல் எழுந்த கோட்டை அது. ஆனால் அங்கே வேறு தொல்லை. குழாய்த் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் கசிந்து குன்றின் அடியை அரிக்கின்றன. குடியிருந்தால் கோட்டைக்குச் சேதம். காலி செய்தால் கோட்டைக்கு உயிர் இல்லை.

தேக்கா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சந்தை 1982-இல் புதுக் கட்டடத்துக்கு மாறினாலும் மீன் வாடையும் கூவி விற்கும் குரலும் மாறவில்லை. அதை ஒட்டியே அடுக்குமாடி வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டுத் தேங்க் சாலைக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால், தூரத்து விடுதிகளில் தங்கிக் கட்டட வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் அங்கே கூடி ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், நண்பனைப் பார்க்கிறார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி அப்படி வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கலவரம் தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தெருவை இன்று உயிரோடு வைத்திருப்பவர்களில் அந்தப் பிள்ளைகளும் உண்டு. நம் பாட்டனார் கப்பல் ஏறி வந்த நிலைமையில்தான் அவர்கள் விமானம் ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை நமக்கில்லை.

26 ரூபாய் 8 அணா

இதையெல்லாம் நமக்கு எதற்காகச் சொல்கிறேன்?

நான் பிறந்த தோட்டம் பலமுறை கைமாறியது. கடைசியாக வாங்கியவர்கள் லயங்களை இடித்தார்கள். அந்த லயங்களுக்காக நான் அழவில்லை. ஒழுகும் கூரையும் பொதுக் குழாயும் காக்கத் தகுந்த செல்வங்களா? ஆனால் மாரியம்மன் கோயிலுக்கு ஆள் வந்து நின்றபோதுதான் பெரியவர்கள் ஓடி ஓடிப் பத்திரம் தேடினார்கள். பத்திரம் எங்கும் இல்லை. நான்கு தலைமுறை கூழ் ஊற்றிய கோயில். நிலம் மட்டும் தோட்டத்துக்குச் சொந்தம்.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலின் கதை வேறு. 1851-இல் நம்மவர்களில் சிலர் ஒன்றுகூடிக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 26 ரூபாய் 8 அணாவுக்கு முறைப்படி வாங்கினார்கள். பிறகு வந்தவர்கள் கட்டினார்கள். வியாபாரத்தில் உயர்ந்த கோவிந்தசாமி பிள்ளை போன்றவர்கள் வாரிக் கொடுத்தார்கள். 1978-இல் அது தேசிய நினைவுச் சின்னம் ஆனது. இந்து அறக்கட்டளை வாரியம் அதை நிர்வகிக்கிறது. பக்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் ஒரு காகிதம்.

ஆகவே தோட்டத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களுக்கும், தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கும் நான் சொல்வது இதுதான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் திருவிழாக் கணக்கோடு நிலக் கணக்கையும் கேளுங்கள். கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? பள்ளிக்கூட நிலம் யார் பெயரில்? சுடுகாட்டுக்குப் பத்திரம் உண்டா? தோட்டம் விலைபோகும் நாளில் இந்தக் கேள்வி வந்தால் பதில் கிடைக்காது. அமைதியாக இருக்கும்போதே நில அலுவலகத்தில் விசாரித்து, நகல் எடுத்து, இரண்டு மூன்று பேர் வீட்டில் பத்திரப்படுத்தி வையுங்கள். தோட்ட நிர்வாகம் நிலத்தைக் கோயிலுக்கு எழுதித் தர இசைந்தால், வாய்ச்சொல்லோடு விடாமல் எழுத்தில் வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பெயர்கள். எருமை போனபின்பும் எருமைச் சாலை இருப்பதால்தான் நம்மால் அந்தக் கதையைச் சொல்ல முடிகிறது. நம் தோட்டத்திலும் பெயர்கள் உண்டு: பழைய லயம், புது லயம், ஆற்று மலை, கோயில் மலை, பிரட்டுக் களம், ஆலமரத்தடி. இவை எந்த வரைபடத்திலும் இல்லை. கிழவர்களின் வாயில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் கண் மூடினால் அந்தப் பெயர்களும் மூடிவிடும்.

பிள்ளைகளுக்கு இந்த விடுமுறை வேலை

1. தேக்காவுக்குப் போனால் ஐந்து தெருப் பெயர்களை எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு எழுதுங்கள். கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பெரியவர்கள் நகை பார்க்கும் நேரத்தில் அதைப் பார்த்துவிடலாம்.

2. அஞ்சடியில் நின்று மேலே நிமிர்ந்து பாருங்கள். ஜன்னல் எத்தனை, பலகணி எப்படி, கூரை எது என்று படம் வரையுங்கள். நாம் எல்லாரும் கடையைப் பார்க்கிறோம். மேல்மாடியை யாரும் பார்ப்பதில்லை.

3. ஊர் திரும்பியதும் தாத்தா பாட்டியை உட்காரவைத்து நம் தோட்டத்து வரைபடம் ஒன்று வரையுங்கள். எந்த லயத்தில் எந்தக் கதவு எண்ணில் எந்தக் குடும்பம், ஊரில் அவர்கள் எந்த மாவட்டம், இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் ஆண்டையும் ஆட்களின் பெயரையும் பென்சிலால் குறியுங்கள்.

மூன்றாவது வேலைக்குத்தான் மதிப்பெண் அதிகம். முதல் இரண்டுக்கும் சிங்கப்பூரில் அரசாங்கமே ஆள் வைத்திருக்கிறது. மூன்றாவதைச் செய்ய நம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது.

அடுத்த இதழில் சந்திப்போம்.